பெரியப்பாவின் ரேப் ரெக்கோடர்: திருத்துவதா, கனடாவிலிருந்து வரவழைப்பதா?

எழுபதுகளில் முள்ளியவளையில் பெரியப்பா பதிவு செய்த கோவலன் கூத்து, ஏழு அங்குலச் சுருள்கள் இரண்டில் இருக்கிறது. விடிய விடிய ஆடிய கூத்தில் எஞ்சியது அவ்வளவே. வவுனியாவில் உறவினர் வீட்டில் கிடந்ததால் சுருள்களும் அவரது அக்காய் (Akai) நிறுவன ரேப் ரெக்கோடரும் இடப்பெயர்வுகளுக்குத் தப்பின. ஆனால் கருவி ஓடவில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், "இங்கே நல்லதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன்" என்றார். மனம் குளிர்ந்தது. ஆனால் கனடா மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் (வினாடிக்கு 60 அலைகள்). நமது 230 வோல்ட்டை ட்ரான்ஸ்போமர் குறைத்துத் தரும். 50 ஹேர்ட்ஸை அது மாற்றாது. பழைய கருவிகள் பலவற்றில் மோட்டாரின் வேகம் அந்த ஹேர்ட்ஸைப் பிடித்துக்கொண்டே போகிறது. 60க்கென்று செய்தது இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் கனத்து இழுபடும். 50க்கும் மாற்ற வசதியுள்ள கருவியாகத் தேடிப்பிடிக்க வேண்டும். பிரான்ஸிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எங்கிருந்து வந்தாலும் அதன் இறப்பருக்கும் ஐம்பது வயதுதான்.

சுருளை மட்டும் கொழும்புக்கு அனுப்பிக் கணினியில் ஏற்றுவிக்கலாம். செலவு குறைவுதான். இருக்கும் ஒரே பிரதியைக் கைவிட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே திருத்தத்தின் பக்கமே நிற்கிறேன். கிளிநொச்சியில் வானொலி திருத்தும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனோம். மின்சாரமில்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ஊருக்கு வானொலி கேட்க வைத்தவர். எடுத்தவுடன் அவர் கருவியை மின்சாரத்தில் செருகவில்லை. 100 வோட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் இணைத்த பிறகே மின்சாரம் கொடுத்தார். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரியும், கருவி தப்பும். பல்ப் மங்கலாகவே எரிந்தது. எங்களுக்கு மூச்சு வந்தது. திறந்தால் பெல்ட் உருகித் தார்போலக் கப்பியில் அப்பியிருந்தது. பஞ்சில் அல்ககோல் நனைத்துத் துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. பெல்ட்டின் அளவை நூல் சுற்றி எடுத்திருக்கிறார். காய்ந்த கொண்டென்சர்களுக்கு மாற்று கிடைக்கும். நாடாவை அழுத்தும் இறப்பர் உருளைதான் கல்லாகிவிட்டது. அதற்கு மட்டும் வெளியூர் தேட வேண்டும்.

இன்னொரு குறை: வினாடிக்கு 19 சென்டிமீற்றர் வேகத்துக்காக, நாடாவை இழுக்கும் தண்டில் மாட்டும் சிறிய உலோகக் குழல் தொலைந்துவிட்டது. அது இல்லாமல் 9.5இல்தான் ஓடும். அதற்காக நான் காத்திருக்கப் போவதில்லை. பாதி வேகத்தில் ஓட்டிக் கணினியில் பதிந்து, அங்கே இரட்டிப்பாக்கினால் குரல் தன் சுருதிக்கு வந்துவிடும்.

உருளை வந்ததும், இழந்தாலும் பரவாயில்லை என்ற பாட்டுச் சுருள் ஒன்றை முதலில் ஓட்டுவோம். அது சுருங்காமல், சிக்காமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்தால், அடுத்தது கூத்து.