துடிப்பு ஒன்று சொல்ல, உடல் வேறொன்று சொல்லும்போது: மார்புப்பட்டை நீண்டகாலப் பயன்பாடு

கடிகாரம் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 172 என்று காட்டும்; ஆனால் பக்கத்தில் ஓடுபவரோடு சாவகாசமாகப் பேச முடியும். மணிக்கட்டில் கட்டும் ஒளி உணரியில் இது அடிக்கடி நேரும். நிமிடத்துக்கு 170 சொச்சம் விழும் காலடியின் அதிர்வைத் துடிப்பென்று எண்ணிவிடுகிறது. ஓட்டத்துக்கு, மார்பைச் சுற்றிக் கட்டி இதயத்தின் மின்துடிப்பை அளக்கும் மார்புப்பட்டைதான் சரி.

பட்டையில் வரும் கோளாறு பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்தில்தான். தோல் உலர்ந்திருந்தால் பட்டையின் உட்புறத்தில் தோலைத் தொடும் மின்முனை ஒட்டாது, எண் தாறுமாறாகக் குதிக்கும். இரண்டு மின்முனைகளையும் தண்ணீரால் நன்றாக நனைத்துக் கட்டுங்கள். ஓடி முடித்ததும், துடிப்பைக் கடிகாரத்துக்கு அனுப்பும் கருவியைப் பட்டையிலிருந்து கழற்றிவிடுங்கள். ஈரப்பட்டையில் மாட்டியே வைத்தால் கருவி விழித்திருந்து பேட்டரியைத் தின்னும். வியர்வை உப்பு படியாமல் ஒவ்வொரு முறையும் அலசுவது பட்டையின் ஆயுளைக் கூட்டும்.

சரியான துடிப்பு கிடைத்தாலும் அது பாதிச் சேதிதான். மீதியைச் சொல்வது சிரம எண், அதாவது ஓட்டம் எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று நாமே உணர்ந்து தரும் மதிப்பெண். சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். 11 என்றால் லேசு, 13 கொஞ்சம் கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம். பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய துடிப்பு வரும்படி அமைத்தார். ஐம்பது, அறுபது வயதில் உச்சத் துடிப்பு இறங்கிவிடுவதால் இந்தப் பெருக்கல் பொருந்தாது. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு சர்வசாதாரணமாகத் தவறும். ஆகவே சொந்த அட்டவணை வேண்டும்.

10, 30, 50-ஆவது நிமிடங்களில் முதலில் சிரம எண்ணை மனத்தில் முடிவு செய்யுங்கள், பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். இந்த வரிசை முக்கியம். திரையை முதலில் பார்த்தால் மனம் அதற்கு ஏற்ற எண்ணையே சொல்லும். ஆறேழு வாரத்தில் உங்கள் 13 எந்தத் துடிப்பில் நிற்கிறது என்பது பிடிபடும்.

அதன்பின் கவனிக்கவேண்டியது இரண்டுக்கும் இடையில் விழும் விரிசலை. வேகமும் சிரமமும் அப்படியே இருக்க, துடிப்பு மட்டும் பத்துப் பதினைந்து ஏறினால் வெக்கையும் நீரிழப்பும் காரணமாக இருக்கலாம். வியர்வையில் இரத்தத்தின் நீர் குறைகிறது, தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் போகிறது; ஒரு துடிப்புக்கு வெளியேறும் அளவு சுருங்குவதால் இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. தூக்கக் குறைவும் வரப்போகும் காய்ச்சலும்கூட இப்படித்தான் தெரியும். இதற்கு நேர்மாறாக, துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தும் சிரமம் 16, 17 என்று கனத்தும் இருந்தால் உடம்பில் களைப்பு சேர்ந்திருக்கிறது. "துடிப்பு குறைந்துவிட்டது, உடல் தேறிவிட்டது" என்று மகிழ்ந்து வேகம் கூட்டுவதுதான் நாம் பார்க்கும் மிக மோசமான பிழை. அன்று ஓய்வே நல்லது.

ஒரு நிமிடத்துக்குக் குறைந்த வேக ஓட்டங்களுக்குத் துடிப்பைப் பார்ப்பது வீண். அது ஏறி வருவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். அங்கே சிரம எண் போதும். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படியே: மருந்து துடிப்பை அடக்கிவைப்பதால் பொதுக் கணக்கில் வரும் துடிப்பு இலக்கைத் துரத்தக் கூடாது. எந்தச் சிரம எண்ணுக்குள் இருக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, அதற்குள் இருப்பதே பாதுகாப்பு.