தாலுகா அலுவலகமா, ஓ.எம்.ஆரா, சொந்தப் பட்டறையா?

தமிழ்நாட்டில் அரசு வேலைக்காக 2022-இல் நடந்த குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். தட்டச்சராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ உட்கார்ந்திருப்பதில் ஆனந்தம் என்று நம்பியா அத்தனை பேரும் வந்தார்கள்? அவர்களுக்கு வேண்டியிருந்தது நிச்சயம். வேலை செய்யும்போது வரும் சந்தோஷம் ஒன்று. அந்த வேலை வாங்கித் தரும் சந்தோஷம் வேறொன்று. நம் வீடுகளில் வேலைகளை ஒப்பிடும்போது இரண்டாவதை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம். தாலுகா அலுவலக வேலை, ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த சென்னை ஓ.எம்.ஆர். சாலை வேலை, சொந்தப் பட்டறை மூன்றையும் இரண்டு சந்தோஷங்களாலும் அளந்து பார்க்கலாம்.

வேலை செய்யும்போது வரும் சந்தோஷத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இருசக்கர வாகன மெக்கானிக்கை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. காலையில் தள்ளிக்கொண்டு வந்த வண்டி மாலையில் ஓடிப் போகிறது. கோளாறை யோசித்தது, கண்டுபிடித்தது, சரிசெய்தது எல்லாம் ஒரே ஆள், அதுவும் ஒரே நாளுக்குள். நன்றாகச் செய்தாய் என்று யாரும் எழுதித் தர வேண்டியதில்லை, இன்ஜின் சத்தமே சொல்லிவிடும். அவருடைய மனம் கெடுவது வேறு காரணங்களால். உதிரிபாகக் காசையும் சேர்த்துக் கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு வருமானம் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்து உட்கார்ந்துவிட்டது. காதால் கேட்டே டியூனிங் செய்தவர் இப்போது ஸ்கேனரைச் செருகிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இளைஞர்களுக்கு அது புது விளையாட்டு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கோ வாழ்நாள் கைத்திறனைப் பறிகொடுத்த வருத்தம்.

தாலுகா அலுவலகத்தில் எந்தக் காகிதமும் ஒருவர் கையில் தொடங்கி அவர் கையிலேயே முடிவதில்லை. பட்டா மாறுதல் மனு மேசை மேசையாகப் போகும். போனது என்ன ஆயிற்று என்று அனுப்பியவருக்கே தெரியாது. ஆனாலும் அங்கே கிடைக்கும் ஒரு நிறைவை மற்ற இரண்டு இடங்களிலும் பார்க்க முடியாது. முதியோர் உதவித்தொகைக்கு அலைந்து களைத்த பாட்டிக்காக ஒழுங்காக அறிக்கை எழுதி, ஆணை வந்த அன்று சொல்லி அனுப்பும் கிராம நிர்வாக அலுவலரை அந்தக் குடும்பம் மறக்காது. (மக்களைக் காத்திருக்க வைப்பதிலேயே இன்பம் காண்பவர்களும் உண்டு; அவர்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.) பத்து மணி முதல் ஐந்தே முக்கால் வரை என்பதெல்லாம் தாளில்தான். ஜமாபந்தி என்னும் வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை, தேர்தல், வெள்ளம் என்று வந்துவிட்டால் நேரம் காலம் கிடையாது. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 பி மெமோ ஒன்று வந்தால் பதவி உயர்வு நிற்கும், தூக்கமும் போகும். அப்படியும் வேலை எளிதில் போகாது. ஓய்வு வயது 2021 முதல் 60. இந்த நிம்மதியின் விலை என்ன என்று ஐ.டி. ஊழியரைக் கேட்டால் சொல்வார்.

ஓ.எம்.ஆரில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்தது 2000-இல். அந்தச் சாலை தந்த பெரிய சந்தோஷங்கள் அலுவலகங்களுக்கு வெளியே இருக்கின்றன. அப்பாவின் கடன் அடைந்தது, ஓட்டு வீடு மாடி வீடானது, கல்யாணம் எப்போது என்பதைப் பெண்ணே முடிவு செய்தாள். இதை அற்பம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடனில்லாத வீட்டில் பிறந்தவர்கள். வேலைக்குள்ளே போனால் கதை வேறு. ஆறு மாதம் எழுதிய நிரலை வாடிக்கையாளர் ஒரே மின்னஞ்சலில் கைவிடுவார். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் ஏழரை. நம் இரவுச் சாப்பாட்டு நேரத்தை அவர்களுடைய பருவகாலம் தீர்மானிக்கிறது. பிராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்தாலோ சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் பயம். பிழையைத் தேடிப் பிடித்துத் தீர்க்கும் பொறுப்பு கிடைத்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் மெக்கானிக்கின் பங்காளிகள்.

ஜவுளிக்கடை வேலையை இந்த வரிசையில் வைக்கவே தயக்கமாக இருக்கிறது. நாள் முழுவதும் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. முதலில் நாற்காலி வரட்டும். மனநிறைவைப் பிறகு பேசலாம்.

வேலையைவிட ஆளைப் பொறுத்ததுதான் எல்லாம் என்பவர்களுக்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகை வேலையில் இருந்த 24 நிர்வாக உதவியாளர்கள் ஏறத்தாழச் சமமாக மூன்றாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதியினருக்கு அது பிழைப்பு, ஒரு பகுதியினருக்கு முன்னேறும் படி, மீதிப்பேருக்கு மனத்துக்கு உகந்த பணி. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் எந்தத் தாலுகா அலுவலகத்திலும் இந்த மூவரையும் அடுத்தடுத்த மேசைகளில் பார்த்துவிடலாம்.

என்னைக் கேட்டால், வீட்டில் கடன் இருப்பவர் தயங்காமல் ஓ.எம்.ஆருக்குப் போகலாம், கடன் தீர்ந்த மாதமே வேலையை மறுபடி எடைபோட வேண்டும். மனிதர்களின் புலம்பலைப் பொறுமையாகக் கேட்க முடிந்தவருக்கு அரசு வேலை பொருந்தும். கேட்க முடியாதவர் பாதுகாப்புக்காக மட்டும் அங்கே போனால் அவருக்கும் கஷ்டம், மனு கொண்டு வருகிறவர்களுக்கும் கஷ்டம். பட்டறைக்கு முதலீட்டைவிட, கடனைக் கறாராக வசூலிக்கும் வாய் முக்கியம்.

இந்த ஒப்பீடுகளில் யாரும் சேர்க்காத செலவு, தேர்வுக்காகப் பயிற்சி மையத்தில் கழியும் ஆண்டுகள். அந்த நாட்களில் அரைநேரம் ஒரு பட்டறையிலோ கடையிலோ நின்று பார்ப்பதில் நட்டமில்லை. தேர்வு முடிவு வருவதற்குள் தனக்கு எந்த வேலை ஒத்துவரும் என்பதாவது தெரிந்துவிடும்.