ஒற்றை அலையா, மூன்று அடுக்கா: கிக் ஒலியை உருவாக்கும் இரு வழிகள்

எலக்ட்ரானிக் நடன இசைக்கான கிக் ஒலியை, அதாவது தாளத்தைத் தாங்கும் பெரிய டிரம் அடியை, ஒற்றை சைன் அலையிலிருந்து (மேல் ஒலிகள் கலக்காத, ஒரே சுருதி அலை) சின்தசைசரிலேயே முழுதாகச் செதுக்கலாம். அல்லது தட்டல் (தொடக்கச் சொடுக்கு), உடல் (நடுவிலுள்ள கனம்), அடிநாதம் (மிகத் தாழ்ந்த ஒலி) எனத் தனித்தனி சாம்பிள்களை (பதிவுசெய்த ஒலித்துண்டுகளை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். பலரும் கைவைப்பது இரண்டாவதில்தான். சிக்கலும் அங்கேதான் அதிகம்.

முதல் வழிக்கு வயது கூடுதல். ரோலண்ட் நிறுவனத்தின் டிரம் மெஷின்களான டிஆர்-808 (1980), டிஆர்-909 (1983) ஆகிய இரண்டின் கிக்கும் அனலாக் சர்க்யூட்டில் பிறந்தவையே. 909-இல் பதிவுசெய்த ஒலியாக இருந்தவை ஹை-ஹாட்டும் சிம்பலும் மட்டும். சைன் அலையின் சுருதியை 300 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்கு 40 மில்லி வினாடியில் இறக்கினால் நெஞ்சில் இடிக்கும் அடி கிடைக்கும். அதே இறக்கத்தை 150 மில்லி வினாடிக்கு நீட்டினால் அடி கரைந்து வெறும் வழுக்கலாகிவிடும். பாட்டின் சுருதி மாறும்போது அடிநாதத்தையும் நொடியில் மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் சிறிய ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது; சாச்சுரேஷன் (மெல்லிய சிதைவு) கொடுத்து மேல் ஹார்மோனிக்குகளை (அடிச்சுருதியின் மடங்குகளான ஒலிகளை) வரவழைக்காவிட்டால் கிக் இருக்கிறதா என்றே தெரியாது.

அடுக்கும் முறையில் அந்தக் குறை இல்லை. மரத்தில் தட்டியது போன்ற ஒலியோ, நிஜ டிரம்மின் தோல் ஒலியோ, எது வேண்டுமானாலும் தட்டலாகலாம். தொல்லை கீழே இருக்கிறது. ஒரு சாம்பிளின் வால் (அடிக்குப் பின் நீளும் ஒலி) 50 ஹெர்ட்ஸிலும் மற்றொன்றின் வால் 53-லும் இருந்தால், ஒன்றாகத் தொடங்கும் இரண்டும் சுமார் 167 மில்லி வினாடியில் எதிரெதிராகி ஒன்றையொன்று அழித்துவிடும். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) அடுத்த அடி விழ 469 மில்லி வினாடி ஆகும் என்பதால், இரண்டு அடிகளுக்கு நடுவே பள்ளம் விழுந்து, தனித்தனியே கனமாக ஒலித்தவை சேர்ந்ததும் சோப்ளாங்கியாகிவிடுகின்றன. இதை ஈக்யூவால் (அலைவரிசை வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவியால்) சரிசெய்ய முயல்வது வீண்வேலை. இல்லாத ஒலியை எவ்வளவு ஏற்றினாலும் வராது.

ஆகவே என் தேர்வு கலவையானது: உடலையும் அடிநாதத்தையும் ஒரே சைன் அலையிலிருந்து எடுத்துக்கொண்டு, தட்டலை மட்டும் சாம்பிளிடம் கடன் வாங்கி, அதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டிவிடுகிறேன். வெட்டும் ஃபில்டரே ஃபேஸை (அலையின் ஏற்ற இறக்கம் அமையும் நேரத்தை) நகர்த்தும் என்பதால், அதன் பிறகு மோனோவில் (ஒற்றைச் சானலில்) வைத்து ஒரு அடுக்கின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது அதன் அலையைத் தலைகீழாக்கிப் பார்ப்பது அவசியம். திருப்பியதும் அடிநாதம் கூடினால், அதுவரை அடுக்குகள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன என்று பொருள்.