டெய்லர் ஏன் பயிற்சிக்கு வருவதில்லை? தையல் லைனில் ஊக்கம் தரும் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பயிற்சி என்று அறிவித்தால் வந்து நிற்பது பெரும்பாலும் கைமடிகளும் (டெய்லருக்குக் கைவேலையில் உதவுபவர்கள்) புதிதாகச் சேர்ந்தவர்களும்தான். ஓவர்லாக் தையல் மெஷினில் கை பழகிய டெய்லரை ஃபிளாட்லாக் என்ற வேறு வகை மெஷினைக் கற்றுக்கொள்ளக் கூப்பிட்டால் நழுவிவிடுவார். இதை "ஆர்வம் இல்லை" என்று எழுதிவைப்பது தவறு. அவர் கணக்குப் பார்க்கிறார், அந்தக் கணக்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்கில், நாளுக்கு 600 ரூபாய் எடுக்கும் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். புது மெஷினில் முதல் 4 நாள் பழைய வருமானத்தில் 40 சதவீதம், அடுத்த 4 நாள் 60, அதற்கடுத்த 4 நாள் 80 என்று தேறினாலும், 12 நாளில் 4.8 நாள் கூலி கையை விட்டுப் போகிறது. அதாவது 2,880 ரூபாய். பயிற்சி முடித்தால் 1,500 ரூபாய் பரிசு என்று அறிவிக்கும் கம்பெனி, உண்மையில் அவரிடமிருந்து 1,380 ரூபாய் கேட்கிறது.

ஷிஃப்ட் சம்பளக்காரரின் கணக்கு வேறு. அவருக்குக் கூலி குறையாது, ஆனால் கற்றதற்குத் தண்டனை உண்டு. ஃபிளாட்லாக் தெரிந்தது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், யார் லீவு போட்டாலும் "அக்கா, இன்னைக்கு மட்டும் அங்க உட்காருங்க" என்று சூப்பர்வைசர் வந்து நிற்பார். வேலை கூடும், சம்பளம் அப்படியே இருக்கும். இதைப் பக்கத்து மெஷின்காரர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஊக்கம் தரும் நான்கு வழிகளில் எது இந்த இரண்டு கணக்கையும் மாற்றுகிறது என்பதே இங்கே அளவுகோல்.

ஒருமுறை ஊக்கத்தொகை

இதற்கு நல்ல சான்று பாகிஸ்தானின் சியால்கோட்டில் இருக்கிறது. உலகத்துக்கே கால்பந்து தைத்து அனுப்பும் ஊர் அது. பந்தின் ஐங்கோணத் துண்டுகளை வெட்ட, ரெக்சின் வீணாவதைக் குறைக்கும் புது டை (வெட்டும் அச்சு) ஒன்றை ஆய்வாளர்கள் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலான இடங்களில் அது மூலையில் கிடந்தது. வெட்டுபவருக்குத் துண்டுக் கணக்கில் கூலி. புது டை ஆரம்பத்தில் அவர் வேகத்தைக் குறைக்கும், மிச்சமாகும் ரெக்சினோ முதலாளிக்குப் போகும். ஆகவே டை சரிப்படாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். பிறகு சில கம்பெனிகளில், முதலாளி முன்னால் புது முறையில் வெட்டிக் காட்டினால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னதும், அங்கே டையைப் பயன்படுத்துவது கூடியது. 2017இல் வெளியான ஆய்வு இது.

தொகை எவ்வளவு என்பதைக் கவனிக்க வேண்டும். டிபன் பாக்ஸும் சுவர்க் கடிகாரமும் கொடுத்துவிட்டு, ஊக்கத்தொகை பயன் தரவில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை. கற்கும் காலத்தில் இழக்கும் கூலியைவிடத் தொகை தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு உத்தி, ஒரு புது அட்டாச்மென்ட், ஒரு புது டை என்றால் இந்த வழி போதும். ஒரு டெய்லரைப் பல மெஷின்களுக்கும் தயார் செய்ய இது உதவாது. பரிசு வாங்கிய மறுவாரமே பழைய மெஷினுக்குத் திரும்பிவிடுவார்கள். அதைத் தடுக்க, பாதித் தொகையைத் தேர்ச்சி நாளிலும் மீதியை 8 வாரம் கழித்து மறுபடி சோதித்தும் கொடுப்பது நல்லது.

கற்கும் காலத்தில் கூலிக் காப்பு

முதல் செலவு இதற்குத்தான் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. முந்தைய 4 வாரத்தில் அவர் எடுத்த சராசரி நாள் கூலியைக் கணக்கிட்டு, பயிற்சி நாட்களில் அதற்குக் குறையாமல் தருவது. முதல் வாரம் முழுச் சராசரி. இரண்டாம் வாரம், தைத்த பீஸுக்கான கூலி குறைந்தால் பற்றாக்குறை முழுவதும். மூன்றாம் வாரம் பற்றாக்குறையில் பாதி. அதோடு நிறுத்திவிடலாம்.

இது கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, காப்புத் தொகையை மாதக் கடைசியில் சேர்த்துத் தருவது. சனிக்கிழமை சம்பளத்தில் குறைவு தெரிந்தால் திங்கட்கிழமை அவர் பயிற்சிக்கு வரமாட்டார், எனவே அந்த வாரக் கூலியிலேயே சேர வேண்டும். இரண்டு, சொல்லிக்கொடுப்பவரை மறந்துவிடுவது. லைனில் வேகமான டெய்லர்தான் பயிற்றுநராக இருப்பார். அவரும் பீஸ் ரேட் என்றால், அடுத்தவருக்குக் காட்டிய ஒவ்வொரு நிமிடமும் அவர் காசு. அவருக்கும் சராசரிக் கூலி கொடுத்து, அதற்கு மேல் ஒரு படியும் தராவிட்டால், "பார்த்துக் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் பீஸைத் தைப்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

திறன் படி

கூலிக் காப்பு பயிற்சிக்கு வரவைக்கும். கற்றதைக் கையில் வைத்திருக்கச் செய்வது திறன் படி, அதாவது கூடுதலாகக் கற்ற வேலைக்குத் தரும் கூடுதல் தொகை. திறனைக் குறிக்கச் சுவரில் ஓர் அட்டவணை போட்டு, இடப்பக்கம் பெயர்களும் மேலே ஆபரேஷன்களும் (தனித்தனித் தையல் வேலைகள்) எழுதுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஐ, எல், யு, ஓ என்று சதுரத்தின் ஒவ்வொரு பக்கமாகக் கோடு ஏறும். ஒரு கோடு என்றால் பழகுகிறார், இரண்டு என்றால் மேற்பார்வையில் செய்வார், மூன்று என்றால் தனியாகச் செய்வார், சதுரம் நிறைந்தால் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

இந்த அட்டவணை பல கம்பெனிகளில் பையர் ஆடிட்டுக்காக (ஆர்டர் தருபவர் நடத்தும் சோதனை) மட்டும் தொங்குகிறது. கூலியோடு இணையாத கோட்டுக்கு டெய்லர் எதற்காக உழைக்க வேண்டும்? மூன்றாம் கோடு விழுந்த ஒவ்வொரு கூடுதல் ஆபரேஷனுக்கும் நாளுக்கு இத்தனை ரூபாய் என்று நிர்ணயித்து, சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்ட வேண்டும். அப்போதுதான் "இன்னைக்கு மட்டும் அங்க உட்காருங்க" என்பது தண்டனையாகத் தெரியாது.

தேர்ச்சி அளவு எண்ணாக இருக்கட்டும். கழுத்து ரிப் (கழுத்துப் பட்டை) பிடிக்கும் ஆபரேஷனுக்கு எஸ்எம்வி, அதாவது ஒரு பீஸுக்கு நிர்ணயித்த நேரம், 0.5 நிமிடம் என்றால், முழுத் திறனில் மணிக்கு 120 பீஸ். 80 சதவீதம் என்றால் 96. தொடர்ந்து 3 நாள் மணிக்கு 96 பீஸ், செக்கிங்கில் திரும்பி வருவது குறித்த அளவுக்குள். இதைத் தமிழ், இந்தி, ஒடியாவில் சுவரில் ஒட்டிவிட்டால் சூப்பர்வைசரின் தயவுக்கு இடமில்லை. கோடு போடுபவர் சூப்பர்வைசர் மட்டும் என்றால், வேண்டியவருக்கு விழும், மற்றவர்கள் ஒரே மாதத்தில் நம்பிக்கை இழப்பார்கள். குவாலிட்டியிலிருந்து ஒருவரும் தொழிலாளர் தரப்பில் ஒருவரும் கூட நிற்க வேண்டும். மூன்று மாதம் தொடாத ஆபரேஷனை மறுபடி சோதிக்க வேண்டும்.

சான்றிதழ்

ஏற்கெனவே கைவசம் உள்ள திறனைச் சோதித்துச் சான்று தரும் ஆர்பிஎல் போன்ற அரசுத் திட்டங்கள் உண்டு. வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கும், பள்ளிச் சான்று இல்லாதவர்களுக்கும் அந்தத் தாள் உண்மையான மதிப்பு உள்ளது. அதற்காகவே அதை நடத்தலாம். பயிற்சிக்கு ஆள் இழுக்கும் வழியாக மட்டும் எடுத்தால் நான்கில் இதுதான் பலவீனம். கேட்டில் வேலை கேட்டு நிற்பவரிடம் சான்றிதழைக் கேட்பதில்லை, மெஷினில் உட்காரவைத்து ஒரு பீஸ் தைக்கச் சொல்கிறார்கள்.

காசு சரியாக இருந்தும் கற்காமல் போவது

முதல் காரணம் நேரம். ஷிஃப்ட் முடிந்து 5.30க்கு மேல் பயிற்சி வைத்தால், கம்பெனி வேனில் ஊர் திரும்பும் பெண்களின் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். காலையில் லைன் ஓடத் தொடங்கும் முன் அரை மணி நேரம், கூலி நேரத்துக்குள்ளேயே, தினமும் என்பது பலன் தரும். ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் பயிற்சியே தொடங்கக் கூடாது. பாதியில் இழுத்து லைனில் போட்டால் அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது, சொல்லிக்கொடுக்கும் முறை. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவான நான்கு படிகள் இன்றும் செல்லும்: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்யச் சொல், பின்தொடர். கழுத்து ரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிப் வளையம் கழுத்துச் சுற்றளவைவிடச் சிறியது, இழுத்துப் பிடித்துத்தான் தைக்க வேண்டும். புதியவர் தொடக்கத்தில் தளர்வாக விட்டு, கடைசிக் கால்பகுதியில் மொத்தமாக இழுப்பார். கழுத்து ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் அலை அடிக்கும். "சீராக இழு" என்று நூறு முறை சொல்லிப் பயனில்லை. ரிப்பிலும் கழுத்திலும் நான்கு சமக் குறி போட்டு, ஒவ்வொரு குறியும் ஊசிக்கு வரும்போது பொருந்துகிறதா என்று பார்க்கவைத்தால் கைக்குத் தானாகப் புரியும். தமிழ் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளிக்கும் அந்தக் குறி புரியும். நல்ல பீஸ் ஒன்று, கெட்ட பீஸ் ஒன்று மெஷின் மேலேயே தொங்கட்டும்.

"கற்றுக்கொண்டு பக்கத்து கம்பெனிக்குப் போய்விட்டால்?"

முதலாளிகள் தயங்குவது இங்கேதான். பெங்களூரில் ஒரு பெரிய ஆயத்த ஆடை நிறுவனத்தில், பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்தொடர்பு, நேர நிர்வாகம் போன்ற பயிற்சி கொடுத்து ஆய்வு செய்தார்கள். உற்பத்தித்திறன் சுமார் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போவது கூடவில்லை. கூலி கூடியதோ சுமார் அரை சதவீதம். லாபம் எந்தப் பக்கம் போனது என்பது தெளிவு. திறன் படிக்குக் கொடுக்கப் பணமில்லை என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

போகாமல் தடுக்கச் சான்றிதழைப் பிடித்துவைப்பதும், முதல் மாதக் கூலியை நிறுத்துவதும் தொழிலாளிக்குச் செய்யும் அநியாயம், கம்பெனிக்கும் கேடு. அந்தச் செய்தி ஹாஸ்டலில் பரவிய பிறகு அடுத்த பேட்சுக்கு யாரும் பெயர் கொடுக்கமாட்டார்கள்.