கறுத்தக்கொழும்பானுக்கு அடியில் நிற்பது என்ன மரம்?

2013 மாரியில், யாழ்ப்பாணத்தில், ஆறு கறுத்தக்கொழும்பான் மாங்கன்றுகள் நட்டேன். மூன்று உரும்பிராயில், வீட்டு வளவின் செம்பாட்டு மண்ணில். மூன்று அரியாலையில், மனைவியின் சீதனக் காணியில்; அங்கே கிணற்றுத் தண்ணீர் கோடையில் உவர்க்கும். இரு இடத்திலும் கணக்கு ஒன்றுதான்: ஒரு விதைக்கன்று, கடையில் வாங்கிய ஒட்டுக்கன்று ஒன்று, நானே கட்டிய ஒட்டு ஒன்று. நான் கட்டியதற்கு ஒட்டுக்கட்டை, அதாவது வேரோடு அடியில் நிற்கும் மரம், அரியாலைக் காணியில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே நிற்கும் கிழட்டுப் புளிமாவின் கொட்டையில் முளைத்த கன்று. வாங்கியதற்கு அடிக்கட்டை என்னவென்று விற்றவரிடம் கேட்டேன். "மாங்கன்றுதான் அண்ணை" என்றார்.

உரும்பிராயில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒட்டு இரண்டும் நாலாம் வருடம் பூத்தன. விதைக்கன்று எட்டு வருடம் காக்க வைத்தது.

அரியாலையில்தான் கட்டையின் குணம் தெரிந்தது. வாங்கிய கன்றின் இலைநுனிகள் ஆவணியில் தீய்ந்தன. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச் சத்துக் குறைவு என்று பெரசு சல்பேற்று கரைத்து ஊற்றினேன். இரண்டு மாதத்தில் பழைய மஞ்சள். சுண்ணாம்பு மண் இரும்பை வேருக்கு விடாமல் பிடித்துக்கொள்ளும். மண் பிடித்துக்கொள்ளாதபடி கட்டிவைத்த கொடுக்கிணைப்பு (கீலேற்று) இரும்பு பலித்தது, ஆனால் விலை கட்டவில்லை. பத்தடி தள்ளி, அதே தண்ணீர் குடித்த புளிமாக் கட்டை ஒட்டில் நுனி கருகியது, மஞ்சள் வரவில்லை. (சொந்தக் கையால் கட்டிய மரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் கூடப் போயிருக்கலாம். மறுக்க மாட்டேன்.)

கனடாவில் நயாகராப் பக்கம் பீச் வளர்க்கும் மச்சானிடம் இதைச் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வியே "அடியில் என்ன கட்டை?" அவருடையது பெய்லி, குளிர் தாங்கும். சுண்ணாம்பு மண் என்றால் பீச்சும் வாதுமையும் கலந்த ஜீஎப் 677, வேர்முடிச்சுப் புழு உள்ள நிலம் என்றால் நெமகார்ட் என்று அடுக்கினார். மாமரத்துக்கும் இஸ்ரேலில் 13-1 என்றொரு கட்டையை உப்புக்கும் சுண்ணாம்புக்குமென்றே தெரிந்தெடுத்திருக்கிறார்கள். எங்கள் கடையிலோ "மாங்கன்றுதான்".

2020 டிசம்பரில் புரேவிப் புயல் வந்த இரவு வாங்கிய மரம் ஒட்டிடத்தில் முறிந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். நார் ஒன்றும் இழுபடவில்லை. சீவுளி போட்டதுபோல வழவழப்பான முறிவு. ஏழு வருடம் ஒட்டியும் உள்ளே சேரவில்லை.

அடிக்கட்டையைத் தோண்டாமல் விட்டேன். அதில் வெடித்த முளை சென்ற வருடம் காய்த்தது: விரல்நீளக் காய், பல்லில் சிக்கும் நார், கண்ணைச் சுருக்கும் புளிப்பு. மனைவி ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டாள்.