ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி: ஒரு 'லெட்'டைத் தேடினால் இரண்டு

பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இணையப் பதிப்பு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். இதற்குச் சந்தா கட்டுவது தகுமா என்று கேட்பவர்களிடம், 'லெட்' என்ற வினையைத் தேடிப் பாருங்கள் என்பேன்.

விடு, அனுமதி என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் தோன்றும். அகராதியோ அதை இரண்டு தனி வினைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று விடுதல்; வீட்டை வாடகைக்கு விடுவதும் இதற்குள் அடக்கம். இன்னொன்று தடுத்தல். தாமதத்தைக் குறிக்கும் 'லேட்' இதன் நெருங்கிய உறவு: ஒருவரைத் தாமதப்படுத்து, மறி. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருந்த இரண்டும் போகப் போக ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. விடுவதற்கும் விடாமல் இருப்பதற்கும் ஒரே சொல்! அந்தக் காலத்து ஆட்கள் எப்படித்தான் சமாளித்தார்களோ.

இதைப் படித்துவிட்டு ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்துக்குப் போனால் முடிச்சு அவிழும். தந்தையின் ஆவி அழைக்கிறது, நண்பர்கள் இழுத்துப் பிடிக்கிறார்கள். என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று ஹாம்லெட் சீறுகிறான். இன்றைய பொருளில் எடுத்தால், வழிவிடுகிறவனைக் கொல்வதாக ஆகிவிடும். 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் பவுல், ரோமருக்கு எழுதும்போது, வர நினைத்தும் இதுவரை 'லெட்' செய்யப்பட்டேன் என்கிறார். தடைப்பட்டேன் என்று பொருள். டென்னிஸில் சர்வீஸ் வலையை உரசி விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அதுவும் இந்தத் தடைதான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' (தடையோ இடையூறோ இல்லாமல்) என்று இன்னமும் இருக்கிறது.

இந்த அகராதியின் உயிர் மேற்கோள்களில்தான். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு வரிசையில் அடுக்கியிருப்பார்கள். வாசகர்கள் துண்டுச்சீட்டுகளில் எழுதி அனுப்பியவற்றை வைத்துத் தொடங்கிய வேலை. முதல் பகுதி 1884இல் வந்தது, முழுசாக முடிய 1928 ஆனது. வழக்கொழிந்த பொருளுக்குப் பக்கத்தில் குட்டிக் கத்தி மாதிரி ஒரு குறி இருக்கும். எனக்குச் சோறு போடுவது அந்தக் குறிதான்.

குறை சொல்வதென்றால், பழைய பொருளில் தொடங்கி வரிசைப்படுத்துவதால் இன்றைய பொருளுக்குக் கீழே இறங்கித் தேட வேண்டும். 'ரன்' போன்ற வினைக்குள் நுழைந்தால் 600க்கும் மேற்பட்ட பொருள்கள். மின்னஞ்சல் எழுதுகிற அவசரத்தில் இதைத் திறக்காதீர்கள். போனில் இருக்கும் சின்ன அகராதியே போதும்.

சந்தா இல்லாமல் முழுப் பதிவையும் படிக்க முடியாது. பல நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் ஏற்கெனவே கட்டியிருக்கின்றன, கைக்காசைச் செலவழிக்கும் முன் அங்கே விசாரித்துவிடுங்கள்.