கேன்சல் பட்டனை உங்களையே அழுத்தச் சொன்னால், அழுத்தாதீர்கள்

இரண்டு மாதச் சம்பளம். முழுசாக இரண்டு மாதச் சம்பளம் ஒரே ஒரு பட்டனில் போய்விட்டது. நேற்று மாலை கடைசி மின்னஞ்சல் வந்தது: "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது." யாருக்குத் தீர்ந்ததோ தெரியவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால், என் மேலும் தப்பு இருக்கிறது என்று மழுப்பிவிடுவேன்.

தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எல்லா விமான நிறுவனங்களின் டிக்கெட்டையும் விற்கிற ஆன்லைன் தளங்களில் ஒன்று. விலை ஒப்பிடும் பக்கத்தில் தேடினால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட்டு முதல் வரியில் வந்து நிற்குமே, அந்த ரகம். நீண்ட தூரப் பயணத்துக்கு ஆன்லைனில் எடுப்பதா, டிராவல் ஏஜென்டிடம் போவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கார்டை வெளியே எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

தங்கைக்குப் பிரசவ நேரம். அம்மாவும் நானும் போக வேண்டும். நடுவில் ஒரு ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டிய பயணம், போக மட்டும் இருபது மணி நேரத்துக்கு மேல். முதலில் வழக்கமாகப் போகும் டிராவல் ஏஜென்டிடம்தான் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கும் தளத்தில் இருந்த தொகைக்கும் வித்தியாசம் என் ஐந்து நாள் சம்பளம். அதே விமானம், அதே தேதி. "கமிஷனைச் சேர்த்துச் சொல்கிறார்" என்று முடிவு கட்டிவிட்டேன். அவரும் ஒன்றும் அப்பழுக்கற்றவர் இல்லை. முன்பு ஒரு தடவை அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டு, அதைத் திருத்த மூன்று நாள் அலைய வைத்தவர். அந்தப் பழைய எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

தளத்தில் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி: '24 மணி நேர முன்னுரிமை உதவி'. கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் வரிசையில் நிற்காமல் நேராக மனிதரிடம் பேசலாமாம். அம்மாவோடு போகிறோமே, எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் டிக் செய்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. ஏமாறுவதற்குத் தனிக் கட்டணம் கட்டியிருக்கிறேன்.

இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. நடைபாதை ஓர இருக்கை கிடைத்தால் அடிக்கடி எழுந்து நடக்கலாம் என்று, பயணத்துக்கு 23 நாள் இருக்கும்போது விமான நிறுவனத்தின் தளத்துக்குப் போனேன். மின்னஞ்சலில் வந்த எண்ணைப் போட்டால் 'அப்படி ஒரு பதிவு இல்லை' என்றது. கை கால் ஓடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது டிக்கெட் தளம் தனக்காக வைத்துக்கொண்ட எண். விமான நிறுவனத்தின் பிஎன்ஆர் வேறு. ஆறு எழுத்து, எண் கலந்து வருவது. அதைக் கேட்டு வாங்கவே ஒரு நாள் ஆனது.

பிஎன்ஆரைப் போட்டுத் திறந்தால், போகும் பயணத்தின் முதல் விமானம் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் தள்ளிப் போயிருக்கிறது. இடையில் எங்களுக்கு இருந்ததே இரண்டு மணி நாற்பது நிமிடம்தான். அதாவது நாங்கள் போய் இறங்கும்போது அடுத்த விமானம் பறந்துபோயிருக்கும். அதோடு சேர்த்து எங்கள் இருவர் பெயரும் பச்சை நிறத்தில் 'உறுதி' என்று இருக்கிறது!

யாரும் ஏன் சொல்லவில்லை? விமான நிறுவனத்துக்கு போன் போட்டேன். 47 நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். தகவல் அனுப்பி ஐந்து வாரம் ஆயிற்றாம். எந்த முகவரிக்கு என்று கேட்டால், பதிவில் இருந்த முகவரிக்கு. அது என் முகவரி இல்லை, டிக்கெட் தளத்தின் முகவரி. தொடர்பு எண்ணும் அவர்களுடையதே. பயணி நான், தகவல் போவது அவர்களுக்கு.

அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். "நேரத்தை நாங்கள் மாற்றியதால் வேறு விமானத்துக்கு இலவசமாக மாற்றித் தருவோம். வேண்டாமென்றால் முழுப் பணமும் தருவோம். ஆனால் டிக்கெட், அதை விற்ற தளத்தின் கையில் இருக்கிறது, அவர்கள்தான் எங்களிடம் கேட்க வேண்டும்." நிம்மதியாகிவிட்டது. கேட்டால் போதும் அல்லவா!

இனிமேல்தான் விஷயம்.

தளத்தில் முதலில் ரோபோ அரட்டை. 'உங்கள் பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள்' என்று ஆறு தலைப்பு, என் பிரச்சினை ஆறிலும் இல்லை. முன்னுரிமை உதவி வாங்கியிருக்கிறேன் என்று நாலு தடவை அடித்த பிறகு, ஒருவர் கூப்பிடுவார் என்றது. இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டார். மெதுவான குரல், பதறாத பேச்சு. அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார். அரட்டையில் நான் எழுதியதைப் படித்திருக்கிறார். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். உண்மையில் அங்கேயே என் இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது, பட்டன் எல்லாம் பிறகுதான்.

"மேடம், மாற்று விமானத்துக்கு நான் எழுதிப் போட்டா பதில் வர பத்து நாள் ஆகும். அதுக்குள்ள சீட் போயிடும். ஒண்ணு பண்ணுங்க, உங்க அக்கவுன்ட்ல கேன்சல் பட்டன் இருக்கு பாருங்க, அதை நீங்களே அழுத்திடுங்க. நான் உள்ளேயிருந்து முழு ரீஃபண்டுன்னு நோட் போட்டுடறேன். பணம் வந்ததும் நல்ல டைமிங்ல புதுசாப் போட்டுக்கலாம்."

"முழுப் பணமும் வருமா?"

"விமான நிறுவனம்தானே மேடம் டைம் மாத்தினாங்க? அவங்க தந்துதான் ஆகணும்."

அது சரிதானே என்று பட்டது. விமான நிறுவனத்துப் பெண்ணும் அதையேதான் சொன்னார். தளத்துக்காரர் லைனில் இருக்கும்போதே அழுத்தினேன். கீழே பொடி எழுத்தில் 'கட்டண விதிகளுக்கு உட்பட்டது' என்று இருந்தது. அதையும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். "அது எல்லாருக்கும் வரும் மேடம், ஃபார்மாலிட்டி." அவர் சொன்னதில் ஒரு சொல்கூட அரட்டையில் எழுத்தாக இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை மின்னஞ்சல்: 'உங்கள் விருப்பத்தின் பேரில் டிக்கெட் ரத்து செய்யப்பட்டது.' திரும்ப வரும் தொகை, கட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் ஆளுக்கு ஒரு சேவைக் கட்டணம் கழிக்கப்படுமாம்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் நடந்ததை முழுக்க எழுதினால் எனக்கே அழுகை வரும். முதல் நபர் 72 மணி நேரம் பொறுங்கள் என்றார். இரண்டாமவர் ஏழு முதல் பத்து வேலை நாள் என்றார். மூன்றாமவர், "அன்றைக்குப் பேசியவரின் பெயர் தெரியுமா?" என்று என்னையே கேட்டார். பேச்சைப் பதிவு செய்திருப்பீர்களே, கேட்டுப் பாருங்கள் என்றேன். பதிவு 'பயிற்சிக்காக மட்டும்' என்று பதில். ஒவ்வொரு தடவையும் புது புகார் எண், ஒவ்வொரு தடவையும் ஆதியோடந்தமாகக் கதை சொல்ல வேண்டும். விமான நிறுவனத்துக்குப் போனால், "பயணியே ரத்து செய்ததாக எங்கள் கணினியில் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது." அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. அழுத்தியது என் விரல்தானே.

வெட்கத்தை விட்டு அந்தப் பழைய ஏஜென்டிடமே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, நீயாவா கேன்சல் பண்ணினே? கை வைக்காம விட்டிருந்தா அது இன்வாலண்டரி. அவங்க மாத்துனது, அவங்க பொறுப்பு. நீ அழுத்தின உடனே வாலண்டரி, நீயா ரத்து பண்ணினதா ஆயிடுச்சு. டிக்கெட் ரூல்ல என்ன பெனால்டி இருக்கோ அது மொத்தமும் உன் தலையில."

இந்த ஒரு சொல் வித்தியாசம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால்! இரவெல்லாம் உட்கார்ந்து படித்ததில் எங்கே பார்த்தாலும் இதுதான். அமெரிக்காவுக்கு வந்துபோகும் விமானங்களுக்கு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வெளிநாட்டுப் பயணத்தில் கிளம்பும் நேரம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னால் வந்தாலோ சேரும் நேரம் அந்த அளவுக்குப் பின்னால் போனாலோ, அதைப் பயணி ஏற்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாளுக்குள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில், விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால் 7 நாளுக்குள் பணம். இரண்டிலுமே முதலில் கையை வைத்தவர் விமான நிறுவனமாக இருக்க வேண்டும். என் பயணம் இந்த இரண்டு இடத்தையும் தொடாதது, அதனால் அந்த விதிகளைக் காட்டிச் சண்டை போடவும் வழியில்லை.

வரியாவது முழுசாக வர வேண்டாமா என்று கேட்டதற்கு ஏஜென்ட் டிக்கெட்டின் கட்டண விவரத்தைப் பேனாவால் சுழித்துக் காட்டினார். ஒய்க்யூ, ஒய்ஆர் என்று இரண்டெழுத்தில் பெரிய தொகையாக இருப்பது வரியே இல்லையாம். விமான நிறுவனம் எரிபொருளுக்கென்றும் மற்றதற்கென்றும் தானே போட்டுக்கொள்கிற கூடுதல் கட்டணம். மலிவு டிக்கெட்டுகளில் பெரும்பாலும் அது திரும்புவதில்லை. மிச்சம் இருக்கிற உண்மையான வரி கொஞ்சம்தான்.

பழைய பதிவைத் திறந்து ஏதாவது செய்யுங்களேன் என்று கெஞ்சினேன். வேறு ஏஜென்சி போட்ட டிக்கெட்டில் அவர் கை வைக்க முடியாதாம். "அவங்களும் எங்களை மாதிரி அமேடியஸ், சேபர்னு ஏதாவது ஒரு புக்கிங் சிஸ்டத்துலதான்மா டிக்கெட் போடறாங்க. கம்ப்யூட்டர்ல வித்தியாசம் இல்ல. நான்னா நீ என் மேசை முன்னால வந்து உட்கார்ந்துப்பே, நான் எழுந்து ஓட முடியாது." இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேதி நெருங்கிவிட்டதால் புது டிக்கெட்டின் விலை முதலில் அவர் சொன்னதையே தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கு எடுக்க முடியவில்லை. அம்மாவுக்கு மட்டும் எடுத்தோம். சக்கர நாற்காலிக்குக் குறிப்பு, நடைபாதை ஓர இருக்கை, என் கைப்பேசி எண், எல்லாம் பத்து நிமிடத்தில் பதிவில் ஏற்றிவிட்டார். ஐந்து நாள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டேன். குழந்தை பிறக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன், அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சரி, விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது பொறுமை இல்லை, அவசரமாகச் சிலது மட்டும். விலை ஒப்பிடும் பக்கத்தில் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள், வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். வித்தியாசம் பெரும்பாலும் ஒரு நாள் கூலிதான் இருக்கும். அங்கேயும் வேண்டாமென்றால், நேரில் போய்ப் பிடிக்க முடிகிற ஏஜென்ட். பணம் கட்டியதும் 13 இலக்க டிக்கெட் எண் வந்ததா என்று பாருங்கள், வெறும் பிஎன்ஆர் இருந்தால் இடம் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், டிக்கெட் போட்டதாக இல்லை. பிஎன்ஆரில் உங்கள் மின்னஞ்சலும் எண்ணும் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள், வாரம் ஒரு முறை நேரத்தையும் பாருங்கள். போனில் யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் "இதை எழுத்தில் அனுப்புங்கள், அப்புறம் அழுத்துகிறேன்" என்று சொல்லுங்கள். எழுத்து வராவிட்டால் தொடாதீர்கள். அரட்டைப் பெட்டியை மூடுவதற்கு முன் படம் பிடித்து வையுங்கள், மூடினால் அது காணாமல் போய்விடும், என்னுடையது போய்விட்டது. 'முன்னுரிமை உதவி' வேண்டவே வேண்டாம்.

கார்டு கட்டண அறிக்கையில் விமான நிறுவனத்தின் பெயர் இல்லை, தளத்தின் பெயர்தான் இருக்கிறது. அதை வைத்து வங்கியில் ஆட்சேபம் எழுப்பலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அதற்குக் காலக்கெடு உண்டு. கடிதத்தை இன்று இரவே முடிக்க வேண்டும், மின்னஞ்சல் எல்லாம் அச்செடுக்க வேண்டும். அம்மா வேறு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ கொண்டுபோக வாங்கிய குழந்தைத் துணிகளையும் இதிலேயே வைத்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.